முனை நீக்கிய சங்கு

மின்கிதார் வைத்திருப்போரிடையே ஓயாத வழக்கு ஒன்று உண்டு. தொழிற்சாலையிலிருந்து வந்த கருவியை வந்த வண்ணமே காப்பாற்ற வேண்டுமா, அல்லது வாசிப்பவன் தன் கைக்கும் காதுக்கும் ஏற்ப அதைச் செதுக்கியும் துளைத்தும் மாற்றிக்கொள்ளலாமா என்பதே அவ்வழக்கு. ஒரு தரப்பார் ஐம்பதாண்டுப் பழமையுள்ள கிதாரில் ஒரு திருகாணியை மாற்றினாலும் அதைத் தெய்வச் சிலையைப் பின்னப்படுத்தியதற்கு ஒப்பாகக் கருதுகிறார்கள். மறு தரப்பாருக்குக் கருவி என்பது கைவினைஞனின் உளி போன்றது; தேய்ந்தால் தீட்ட வேண்டும், பிடி சரியில்லை என்றால் புதுப்பிடி போட வேண்டும்.

தமிழிலக்கியம் கற்பிக்கும் ஒருவன் ராமநாதபுரம் கடற்கரையில் இருந்துகொண்டு இதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கலாம். இருக்கிறது. இசைக்கருவியை மாற்றுவதா காப்பதா என்ற கேள்வி கலிபோர்னியாவில் பிறந்ததன்று. நம்மிடம் அது ஈராயிரம் ஆண்டுகளாக இருந்து வருகிறது. அக்கேள்விக்கு நாம் சொன்ன விடைகளால் பெற்றதும் உண்டு, மீட்க முடியாதபடி இழந்ததும் உண்டு. பெற்றதைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறோம். இழந்ததைப் பற்றிப் பேசுவது குறைவு.

கடல் தந்த கருவி

இக்கடற்கரையின் ஆதிக்கருவி சங்கு. மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தலோடு சங்கு குளித்தலும் தொன்றுதொட்டு நடந்து வந்த தொழில். சங்கை அறுத்து வளை செய்யும் வேளாப் பார்ப்பானை அகநானூற்றின் 24ஆம் பாடல் காட்டுகிறது. கீழக்கரையிலிருந்தும் பிற துறைகளிலிருந்தும் வங்காளத்துக்குப் போன சங்குகள் அங்கே மணமான பெண்களின் கைவளைகளாயின.

கடலிலிருந்து எடுத்த சங்கு தானாக ஒலிப்பதில்லை. அதன் கூரிய முனையை நீக்கி ஊதுவாய் உண்டாக்க வேண்டும். அவ்வாறு நீக்கிய முனையை மீண்டும் ஒட்ட இயலாது. அரிதாகக் கிடைக்கும் வலம்புரியோ பெரும்பாலும் பின்னப்படாமல் பட்டுத்துணியில் வைத்துப் பூசிக்கப்படுகிறது; அதன் மதிப்பே அதன் முழுமையில் இருக்கிறது. கோயிலிலும் இழவு வீட்டிலும் ஊதப்படுவது சாதாரண இடம்புரி. ஒரே கடலில், ஒரே இனத்தில் பிறந்த இரண்டில் ஒன்று முழுமையோடு மௌனமாக இருக்கிறது. மற்றொன்று முனை இழந்து ஒலிக்கிறது. கிதார்க்காரர்களின் வழக்கு இவ்வளவுதான்.

நான்கு திருகாணிகள்

மின்கிதாரின் வரலாறு குறுகியது. ஜார்ஜ் போஷாம்ப் 1931இல் வாணலியைப் போன்ற உருவில் அமைத்த கருவியை முதல் வெற்றிகரமான மின்கிதார் என்பார்கள். லியோ ஃபெண்டர் என்ற ரேடியோ பழுதுபார்ப்பவர் 1950இல் உள்ளீடற்ற பெட்டியை விடுத்துத் திண்மையான மரப்பலகையில் கிதார் செய்து விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1954இல் அவரது ஸ்ட்ராடோகாஸ்டர் வந்தது. ஃபெண்டருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது. அவருடைய சிந்தனை பழுதுபார்ப்பவனின் சிந்தனை. ஆகவே கிதாரின் கழுத்தை உடலோடு பசையிட்டு ஒட்டாமல் நான்கு திருகாணிகளால் பிணைத்தார். கழுத்து தேய்ந்தால் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டலாம். கம்பியின் அதிர்வை மின்னலையாக மாற்றும் பிக்கப் என்ற காந்தச்சுருளும் அப்படியே கழற்றக்கூடியது.

பிரித்து மாட்டுவதற்கென்றே செய்யப்பட்ட இந்தப் பொருளுக்கு "மூலநிலை" என்ற புனிதம் எப்படி வந்தது? 1965இல் ஃபெண்டர் தம் நிறுவனத்தைச் சி.பி.எஸ். ஒலிபரப்பு நிறுவனத்துக்கு விற்றார். அதன்பின் வந்தவை தரம் குறைந்தவை என்ற எண்ணம் வாசிப்போரிடையே பரவியது. எனவே 1965க்கு முற்பட்டவற்றுக்கு மதிப்பு ஏறிற்று. மதிப்பு ஏறியதும் சேகரிப்பாளர்கள் வந்தார்கள். அவர்களைத் தொடர்ந்து ஈயப்பற்றைக்கூடக் கண்ணாடி வைத்துப் பார்க்கும் வழக்கம் வந்தது. மேற்பூச்சை மாற்றியிருந்தால் விலை பாதியாகும் என்பது வியாபாரிகளின் பொதுக்கணக்கு. மூலநிலை என்ற மதிப்பை உண்டாக்கியதில் இசைக்கு இருந்த பங்கைவிடச் சந்தைக்கு இருந்த பங்கு பெரிது.

வாசித்தவர்களோ வேறு விதமாக நடந்துகொண்டார்கள். எரிக் கிளாப்டன் மூன்று பழைய ஸ்ட்ராடோகாஸ்டர்களைப் பிரித்து, நல்ல உறுப்புகளைத் தேர்ந்து ஒன்றாக்கினார். "பிளாக்கி" என்று பெயர் பெற்ற அக்கருவி 2004இல் 9,59,500 டாலருக்கு ஏலம் போயிற்று. எட்டி வான் ஹேலன் மலிவான உடலொன்றில் உளியால் பள்ளம் தோண்டி வேறு நிறுவனத்தின் பிக்கப்பைப் பொருத்தி, மிதிவண்டிக்கு அடிக்கும் வண்ணத்தைப் பூசினார். 2007இல் ஃபெண்டர் நிறுவனமே அந்த ஒட்டுவேலையைக் கீறல் பிசகாமல் நகலெடுத்து, 300 கருவிகளை ஒவ்வொன்றும் 25,000 டாலர் என விலைவைத்தது. மூலத்தைச் சிதைத்துப் பிறந்தது தானே மூலமாகி, அதற்கும் நகல் வந்துவிட்டது! இலக்கிய மாணவர்களுக்கு இது புதிதன்று. வான்மீகியை மாற்றிப் பாடிய கம்பன் நமக்கு மூலநூலாகி, அவனுக்குப் பாடபேதம் பார்த்துப் பதிப்பு வந்த கதைதான் இது.

கழற்றி மாட்டும் மரபு

நம் கருவிகளுக்கு வருவோம். வீணையில் 24 மெட்டுகள். தஞ்சையை 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்தில் இந்த அமைப்பு நிலைபெற்றது. அதற்கு முன் இராகத்துக்கு ஏற்ப மெட்டுகளை நகர்த்த வேண்டியிருந்தது. 24 மெட்டுகளும் நிலையாக அமைந்த பின் எல்லா இராகங்களையும் ஒரே அமைப்பில் வாசிக்க முடிந்தது. ஆனால் நிலையாக அமைந்த அம்மெட்டுகள் மரத்தில் அறையப்படவில்லை. கரிய மெழுகின்மேல் பதிக்கப்பட்டன. ஆண்டுகள் கடந்து மெழுகு தளர்ந்து சுரம் பிசகினால் மேளம் கட்டுபவர் வந்து மெழுகை உருக்கி, காதால் கேட்டுக் கேட்டு மெட்டுகளை மறுபடி நிறுத்துவார். மாற்றத்துக்கு இடம் வைத்தே செய்யப்பட்ட கருவி அது. பிரிக்கப்படுவதற்கு முந்தைய ராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த காரைக்குடியில் சுப்பராம ஐயர், சாம்பசிவ ஐயர் என்ற வீணைச் சகோதரர்கள் புகழ்பெற்றிருந்தார்கள். அவர்களில் மூத்தவரான சுப்பராம ஐயர் வீணையை மடியில் கிடத்தாமல் நிமிர்த்தி வைத்து வாசித்தார்.

மிருதங்கத்தில் இது இன்னும் வெளிப்படை. அதன் தோல்கள் தேயும், கிழியும், மாற்றப்படும். பலாமரக் கட்டை மட்டுமே நிலைத்திருப்பது. ஐம்பதாண்டுகளாக ஒருவர் வாசித்த மிருதங்கத்தில் முதல்நாள் இருந்த தோலோ வாரோ இருக்க வழியில்லை. கச்சேரிக்குக் கச்சேரி தொப்பியில் ரவையைப் பிசைந்து ஒட்டி, முடிந்ததும் சுரண்டி எடுத்துவிடுவார்கள். மாற்றத்தின் சுவடே இல்லாமல் செய்யப்படும் மாற்றம் இது. இத்தகைய கருவிக்கு மூலநிலை எது என்று கேட்டால், கட்டை என்று ஒருவரும் நாதம் என்று இன்னொருவரும் சொல்லக்கூடும்.

ராமநாதபுரம் சி.எஸ். முருகபூபதி, பாலக்காடு மணி ஐயர், பழனி சுப்பிரமணிய பிள்ளை மூவரும் சமகாலத்தவர். இவர்களில் பழனி இடக்கைக்காரர். மிருதங்கத்தின் வலந்தலை அவருக்கு இடப்பக்கம் இருந்தது. மேடையில் அமரும் ஒழுங்கே மாற வேண்டியிருந்ததால் அவரைப் பக்கவாத்தியமாக ஏற்கத் தயங்கியவர்கள் உண்டு. அவருக்குத் துணைநின்றவர் செம்பை வைத்தியநாத பாகவதர். பிற்காலத்தில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் வலக்கைக் கிதாரைத் தலைகீழாகத் திருப்பி, கம்பிகளை மறுவரிசையில் பூட்டி வாசித்ததைப் புரட்சி என்று உலகம் எழுதியது. பழனியும் ஹெண்ட்ரிக்ஸும் உளியைத் தொடவில்லை. கருவியைப் பிடிக்கும் விதத்தை மாற்றினார்கள்; அதனால் நாதமும் மாறிற்று.

வயலினிலும் நடந்தது இதுவே. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858) சென்னையில் ஐரோப்பியர் ஒருவரிடம் அதைக் கற்று, பின்னர் ராமநாதபுரத்துக்கு மேற்கேயுள்ள எட்டயபுரம் அரசவையில் வித்துவானாக விளங்கினார். வயலினின் உடலில் நம்மவர் ஒரு சீவல்கூடச் சீவவில்லை. நின்று வாசித்ததை உட்கார்ந்து வாசித்து, அதன் தலையைக் கணுக்காலில் ஊன்றி, கம்பிகளைச் சட்ஜம் பஞ்சமமாகச் சேர்த்துக்கொண்டார்கள். இடக்கை விடுதலை பெற்று வழுக்கி ஓட முடிந்தது. கமகம் வந்துவிட்டது. கருவி ஐரோப்பாவில் இருந்தபடியே இருக்க, இசை முற்றிலும் நம்முடையதாயிற்று.

எல்லாக் கருவியும் இப்படி இணங்கி வருவதில்லை. ஆர்மோனியத்தின் சுரங்கள் நாக்குகளில் உறைந்தவை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்ல வழியில்லை. அனைத்திந்திய வானொலி 1940இல் அதற்கு விதித்த தடை 1971 வரை நீடித்தது. ஆனால் நாடக மேடையில், கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டிய கொட்டகையில், அதே ஆர்மோனியம் அரசோச்சியது. கருவி ஏற்புடையதா என்பதை இசை மட்டும் தீர்மானிப்பதில்லை. வாசிக்கும் இடமும் தீர்மானிக்கிறது.

நாகசுரத்தின் கதை இதற்கு நேர்மாறானது. அங்கே கருவியின் உடலே மாறிற்று. பழைய திமிரி நாகசுரம் குட்டையானது, உச்ச சுருதி கொண்டது. வீதியில் நெடுந்தொலைவு கேட்பதற்கென்று அமைந்தது. அதில் சுத்த மத்திமம் சுத்தமாக ஒலிப்பதில்லை என்ற குறையைத் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) உணர்ந்தார். நரசிங்கம்பேட்டையில் ரங்கநாதம் ஆசாரி ஆச்சாமரத்தைக் கடைந்து, நீளத்தைக் கூட்டி, துளைகளின் இடத்தை மாற்றி அமைத்தார். பாரி நாகசுரம் உருவாயிற்று. வீதிக்குரிய கருவி கச்சேரி மேடைக்கு வந்தது. 1914 முதல் 1964 வரை பாம்பன் பாலத்தைக் கடந்து தனுஷ்கோடிக்கு ரயிலிலும், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலிலுமாகச் சென்ற பயணம்தான் தமிழகத்து நாகசுர வித்துவான்கள் யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழாக்களுக்குச் சென்ற வழி. இன்று நாம் நாகசுரம் என்றால் மனத்தில் கேட்பது பாரியைத்தான். திமிரி அருகிவிட்டது.

1975: ராமநாதபுரத்தின் பெயரோடு ஒருவர்

கிதாரும் நம் மரபும் நேருக்குநேர் சந்தித்த இடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். 1975 ஜூலை 5ஆம் நாள் நியூயார்க் மாநிலத்தில் சவுத் ஹாம்ப்டன் கல்லூரியில் நடந்த கச்சேரி ஒலிப்பதிவாகி, மறு ஆண்டு "சக்தி" என்ற பெயரில் இசைத்தட்டாக வந்தது. கிதார் ஜான் மெக்லாக்லின், வயலின் எல். சங்கர், தபலா ஜாகிர் உசேன், கடம் விக்கு விநாயக்ராம், மிருதங்கம் ராம்நாட் ராகவன்.

ராகவன் (1927–2009) புகழ்பெற்ற பாடகர் ராம்நாட் கிருஷ்ணனின் (1918–1973) தம்பி. இருவரும் அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்து வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர்கள். எல். சங்கரின் குழந்தைப்பருவம் யாழ்ப்பாணத்தில் கழிந்தது. அவருடைய தந்தை வி. லட்சுமிநாராயணா அங்கே இசையாசிரியராக இருந்தார். 1958 இனக்கலவரத்துக்குப் பின் குடும்பம் சென்னைக்குத் திரும்பிற்று. நம் நீரிணையின் இருகரைகளையும் நினைவுபடுத்தும் இருவர், உலகின் மறுகோடியில் ஒரு கிதாரின் இருபுறமும் அமர்ந்திருந்தார்கள்.

மெக்லாக்லின் அதற்கு முன்பே மின்கிதாரில் பெரும்பெயர் பெற்றவர். வெஸ்லியனில் அவர் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றார். சிலப்பதிகாரத்து இசையை ஆராய்ந்து அதே பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற அதே ராமநாதன்தான் அவர். வீணை கற்ற பின் கிதார் அவருக்குப் போதவில்லை. காரணம் எளியது. வீணையில் மெட்டுகள் மெழுகுமேட்டின் மேல் உயர்ந்து நிற்கின்றன. கம்பிக்குக் கீழே வெற்றிடம் இருக்கிறது. விரல் கம்பியை அழுத்தியும் பக்கவாட்டில் இழுத்தும் ஒரே மெட்டில் பல சுரங்களை எழுப்பலாம். கிதாரிலோ விரல் உடனே பலகையில் மோதிவிடும்; உராய்வு கம்பியை இழுக்க விடாது. ஆபிரகாம் வெக்டர் என்ற கைவினைஞர் கிப்சன் நிறுவனத்துக்காகச் செய்துகொடுத்த மின்சாரமற்ற கிதாரில் மெட்டுகளுக்கு இடையே விரல்பலகை குழியாகச் சுரண்டப்பட்டிருந்தது. ஆறு கம்பிகளுக்கு அடியில் குறுக்காக ஏழு அனுசுரக் கம்பிகளும் இருந்தன. பின்னர் தம் மின்கிதாரிலும் மெக்லாக்லின் பலகையைச் சுரண்டி வைத்துக்கொண்டார். வீணையின் மெழுகு இடைவெளியைக் கிதார் மரத்தைக் குடைந்து பெற்றுக்கொண்டது.

இரண்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. வீணையின் மெழுகை உருக்கி மறுபடி வார்க்கலாம். சுரண்டிய மரம் திரும்பி வராது. எல். சங்கர் பிறகு இரட்டைக் கழுத்தும் பத்துக் கம்பிகளும் கொண்ட மின்வயலினைப் புதிதாகவே செய்வித்துக்கொண்டார். இருக்கும் கருவியைக் குடையாமல் வேறொன்றைச் செய்துகொள்வதும் ஒரு வழி.

இதற்கு மறுதிசையில் வந்தவர் உப்பலப்பு ஸ்ரீனிவாஸ் (1969–2014). ஆந்திரத்துப் பாலகொல்லுவில் பிறந்து சென்னைக்கு வந்த சிறுவன், கர்நாடக இசைக்கு உதவாது என்று கருதப்பட்ட மாண்டலினைக் கையில் எடுத்தான். அதன் சிக்கல் இரட்டைக் கம்பிகள். நான்கு சோடிகளாக எட்டுக் கம்பிகள் இருக்கும்போது இரண்டையும் ஒருசேர இழுத்து ஒரே சுரத்தில் நிறுத்துவது கடினம், கமகம் சிதறிவிடும். இரட்டைகளைக் களைந்து ஐந்து ஒற்றைக் கம்பிகளாக்கி, மின்மாண்டலினாக வாசித்தார். 1983இல் பெர்லின் ஜாஸ் விழாவில் வாசித்தபோது அவருக்கு வயது பதினான்கு. பின்னர் மெக்லாக்லின் மீண்டும் கூட்டிய சக்திக் குழுவில் அவரது கிதாருக்கு அருகில் இந்த மாண்டலின் அமர்ந்தது. மூலநிலையில் இருந்திருந்தால் அந்த மாண்டலின் அம்மேடையில் பேச முடிந்திராது.

உப்புக் காற்று

எங்கள் கரையில் கிதாரின் ஒலியை மக்கள் காதில் சேர்த்ததில் இலங்கை வானொலிக்குப் பெரும்பங்கு உண்டு. நித்தி கனகரத்தினம், ஏ.இ. மனோகரன் போன்றோரின் ஈழத்துப் பொப்பிசைப் பாடல்கள் தனுஷ்கோடி அழிந்த பின்னும் அலைவரிசையில் கடல் தாண்டி வந்துகொண்டிருந்தன. கடலோரத் தேவாலயப் பாடகர் குழுக்களிலும் கிதார் இடம்பிடித்தது.

இங்கே கிதார் வைத்திருப்பவனுக்கு மூலநிலை என்பது கொள்கைப் பிரச்சினையே அன்று. உப்புக் காற்று கம்பியைச் சில வாரங்களில் கறுக்க வைத்துவிடும். முறுக்காணிகள் துருவேறும், பொத்தான்களும் இணைப்புகளும் அரித்துப் போகும். இரும்புக்கு இக்கரை என்ன செய்யும் என்பதற்குப் பாம்பன் ரயில் பாலமே சான்று. 1914இல் திறந்து, புயலைத் தாங்கி, 2007இல் அகலப்பாதைக்கு மாறி, ஓயாத பூச்சாலும் உறுப்பு மாற்றத்தாலும் உயிர்வாழ்ந்த அப்பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில்கள் நின்றன. 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதிய பாலம் திறக்கப்பட்டது. பாலமே அப்படி என்றால் ஒரு கிதாரின் திருகாணி எம்மாத்திரம்?

கருவியை வந்தபடியே வைத்திருக்கக் குளிரூட்டிய அறை வேண்டும், இன்னொரு கருவி வேண்டும், வாசிக்காமல் வைத்திருக்கும் வசதி வேண்டும். இக்கரையில் கிதார் பழுதானால் கிடைத்த உறுப்பைப் போட்டு ஞாயிறு பூசைக்கு ஆயத்தமாக்குவார்கள். அதைச் சிதைவு என்று எவரும் சொல்லார். மேலும், பல வெளிநாட்டுக் கிதார்களின் கரிய விரல்பலகை நம் மேற்குமலையின் ஈட்டிமரம். எந்த மூலத்துக்கு எது மூலம் என்று தொடங்கினால் வழக்கு முடியாது.

எஞ்சாத யாழ்

இதுவரை சொன்னவற்றைப் பார்த்தால் நான் மாற்றுவோர் பக்கம் நிற்பதாகத் தோன்றும். ஆனால் மாற்றுவோர் பக்கத்துக்கு ஒரு கடன் உண்டு, அது யாழ்.

பெரும்பாணாற்றுப்படையும் சிறுபாணாற்றுப்படையும் யாழைத் தலை முதல் அடி வரை வருணிக்கின்றன. பத்தல், போர்வை, கோடு, திவவு, நரம்பு என்று ஒவ்வோர் உறுப்புக்கும் பெயர் இருக்கிறது. பேரியாழுக்கு 21 நரம்பு, செங்கோட்டியாழுக்கு 7 நரம்பு என்ற கணக்கு இருக்கிறது. பாணரின் பெயர்கள் இருக்கின்றன, அவர்களுக்கு அளித்த பரிசில் இருக்கிறது. கருவி இல்லை. ஒன்றுகூட இல்லை. வீணை வந்தது, அதன் வசதி பெரிது, யாழ் கைவிடப்பட்டது. அதில் தவறில்லை. பழுதுற்ற ஒன்றையாவது எவரும் எடுத்து வைக்கவில்லை என்பதுதான் தவறு.

நீரிணையின் அக்கரையில், மட்டக்களப்பை அடுத்த காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் (1892–1947) தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டுச் செய்த வேலை, நாம் தொலைத்ததைக் கணக்குப்போட்டு மீட்பதுதான். இசையும் கணிதமும் தமிழும் ஒருசேர அறிந்த ஒருவர், நூற்பாக்களிலிருந்தும் உரைகளிலிருந்தும் யாழின் உருவையும் சுருதிகளையும் கட்டியெழுப்பினார். யாழ் நூல் 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. மறுமாதம் அவர் மறைந்தார். அவர் பணியின் பெருமையை எவ்வளவு சொன்னாலும் தகும். ஆனால் புதைந்த ஓர் யாழ் முழுமையாகக் கிடைத்திருந்தால், அவர் அந்த ஆண்டுகளை அதற்கு அடுத்த கேள்விகளுக்குச் செலவிட்டிருப்பார் அல்லவா?

ராமநாதபுரம் அரண்மனையின் இராமலிங்க விலாசத்தில் 18ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள் உள்ளன. சேதுபதியின் அவையும் போரும் ஆடல்பாடலும் அங்கே வண்ணத்தில் நிற்கின்றன. இலக்கிய மாணவர்களை அங்கே அழைத்துச் செல்லும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது இது: ஓவியம் கருவியின் வடிவைச் சொல்லும், ஒலியைச் சொல்லாது. பாட்டும் அப்படியே. யாழைப் பற்றி நம்மிடம் உள்ளவை எல்லாம் ஓவியமும் பாட்டும் சிற்பமும்தான்.

திமிரிக்கும் அதே நிலை வரக்கூடும். கஞ்சிராவைப் பாருங்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் (1972) உடும்பைக் காக்கிறது; எனவே உடும்புத்தோலுக்குப் பதிலாக ஆட்டுத்தோலும் செயற்கைத்தோலும் வந்துள்ளன. நியாயமான மாற்றம்; வரவேற்க வேண்டியது. ஆனால் பழைய தோலின் நாதத்தைக் கேட்டுப் பழகிய காதுகள் இருக்கும்போதே, ஏற்கெனவே உள்ள பழங்கருவிகளின் ஒலியை முறையாகப் பதிந்து வைப்பது நம் கடமை.

என்ன செய்யலாம்

என் முடிவைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாற்றங்கள் மூவகை. பழனியும் வயலின் முன்னோரும் செய்தது போலப் பிடியை மாற்றுவது. அதில் இழப்பே இல்லை. ரவை ஒட்டுவது, மெழுகு உருக்குவது, திருகாணியைக் கழற்றி வேறு பிக்கப் மாட்டுவது போல மீட்கக்கூடிய மாற்றம். கழற்றியதைப் பத்திரமாக எடுத்து வைத்தால் போதும். மூன்றாவது, சங்கின் முனையை நீக்குவது போல மீளாத மாற்றம். கடைகளில் ஆயிரக்கணக்கில் கிடைக்கும் கிதாரைச் சுரண்டுவதில் உலகுக்கு இழப்பில்லை. அதில் ஒரு புது இசை பிறக்கவும் கூடும். ஊரில் எஞ்சியுள்ள ஒரே திமிரியையோ, பாட்டனார் விட்டுச்சென்ற ஏகாண்ட வீணையையோ தொடுமுன் மட்டும் இரண்டு முறை யோசிக்க வேண்டும். எண்ணிக்கையைப் பார்த்தே உளியை எடுக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. மாற்றத்தைச் செய்த கைகளின் பெயர் எழுதப்பட வேண்டும். ராஜரத்தினம் பிள்ளையோடு ரங்கநாதம் ஆசாரியின் பெயர் தப்பிப் பிழைத்தது. 2022இல் நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. மிருதங்கம் செய்பவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020இல் ஒரு நூல் எழுதும்வரை, பாலக்காடு மணி ஐயரின் நாதத்துக்கு உழைத்த பர்லாந்தின் பெயரை இசையுலகுக்கு வெளியே எத்தனை பேர் அறிந்திருந்தோம்? தோலைத் தொட்டவர்களின் சாதியும் தொழிலும் அவர்கள் பெயரை மேடைக்கு வர விடவில்லை. அமெரிக்காவில் ஒரு கிதாரின் ஈயப்பற்றைச் செய்தவர் யார் என்று தேடுகிறார்கள். நாமோ ஒரு மிருதங்கத்தின் வலந்தலையை மூட்டியவர் யார் என்று கேட்கவும் மறந்தோம்.

இக்கரையில் இறந்துபோன வித்துவான்களின் வீடுகளிலும் கோயில் வாத்திய அறைகளிலும் தோல் கிழிந்த தவிலும் அணசு கழன்ற நாகசுரமும் இன்றும் கிடக்கும். அவற்றைப் புதுப்பித்து வாசிப்போர் வாசிக்கட்டும். அதற்கு முன் ஒரு நாள் செலவிட்டு, நீளத்தையும் துளைகளின் இடைவெளியையும் அளந்து, படம் எடுத்து, ஒலிக்கக்கூடியதாயின் ஒலியைப் பதிந்து, செய்தவர் பெயரையும் வாசித்தவர் பெயரையும் கேட்டு எழுதி வைப்போம். இதற்குப் பெரும் பொருட்செலவு இல்லை. கல்லூரி மாணவர்கள் நால்வரும் ஓர் அளவுகோலும் போதும். இன்னொரு விபுலாநந்தர் பிறந்து நம் பாட்டுகளிலிருந்து நாகசுரத்தைக் கணக்கிட்டு மீட்க வேண்டிய நிலையை நம் பேரப்பிள்ளைகளுக்கு நாம் வைத்துவிட்டுப் போகக் கூடாது.